நிபுணர் சொன்னால் தீர்ப்பாகிவிடுமா? தடய அறிவியல் சாட்சியத்தின் அடிப்படைகள்

ஒரு கொலை வழக்கோ மர்ம மரணமோ செய்தியில் அடிபடத் தொடங்கினால், "தடயவியல் அறிக்கைக்காகப் போலீசார் காத்திருக்கின்றனர்" என்ற வரி சில நாட்களில் வந்துவிடும். அறிக்கை வந்ததும் வழக்கே முடிந்துவிட்டதுபோலப் பேச்சு எழும். சில ஆண்டுகள் கழித்து, அதே வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் மேல்முறையீட்டில் விடுதலையாவார். டிஎன்ஏ பொருந்தியதே, அப்புறம் எப்படி விட்டார்கள் என்று படிப்பவர்கள் குழம்புவார்கள்.

இந்தக் குழப்பம் இனி அதிகமாகத்தான் வாய்ப்பு. 2024 ஜூலை 1 முதல் இந்தியாவில் புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. அவற்றில் ஒன்றான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176(3) பிரிவு, ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ தண்டனை விதிக்கக்கூடிய குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்து தடயம் சேகரிக்க வேண்டும், அதை வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. இதை நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டு அவகாசம் தரப்பட்டுள்ளது. ஆக, ஆய்வக அறிக்கை இல்லாத பெரிய வழக்கே இருக்காது என்ற நிலை வரப்போகிறது. அரசு ஆய்வகங்களுக்கு வெளியே தனியார் தடயவியல் ஆலோசகர்களின் தொழிலும் இதோடு சேர்ந்து வளர்கிறது.

அறிக்கை என்பது நிபுணரின் கருத்து. அந்தக் கருத்துக்கு எடை தருவது அவருடைய பட்டமோ பதவியோ அல்ல. அவர் காட்டும் காரணங்களும், அவர் கைக்கு அந்தப் பொருள் வந்து சேர்ந்த வழியும்தான். இதைப் பிடித்துக்கொண்டால் மேலே சொன்ன விடுதலைகளில் பல புரிந்துவிடும்.

சட்டத்தின் பார்வையில் யார் நிபுணர்?

சாதாரண சாட்சி, தான் கண்டதையும் கேட்டதையும் மட்டுமே சொல்லலாம். "அவன்தான் செய்திருப்பான் என்று நினைக்கிறேன்" என்று கூண்டில் சொன்னால் அதற்கு மதிப்பில்லை. இந்த விதிக்குச் சட்டமே வைத்திருக்கும் விலக்குதான் நிபுணர் சாட்சி. நீதிபதிக்கு எல்லாத் துறையும் தெரியாது. துப்பாக்கிக் குண்டு எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது, உறுப்பில் இருந்த நஞ்சு எது, கையெழுத்து யாருடையது போன்ற கேள்விகளில் கருத்துச் சொல்லவே ஒருவரை அழைக்கலாம்.

1872-ம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் இது 45-வது பிரிவாக இருந்தது. அதற்குப் பதிலாக இப்போது வந்திருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியத்தில் 39-வது பிரிவு. அறிவியல், கலை, வெளிநாட்டுச் சட்டம், கையெழுத்து, விரல் ரேகை என்றிருந்த பழைய பட்டியலோடு "வேறு எந்தத் துறையிலும்" என்ற சொற்களைப் புதிய சட்டம் சேர்த்திருக்கிறது. வாசல் அகலமாகிவிட்டது. உள்ளே வருபவரின் தகுதியை எடைபோடும் வேலை நீதிமன்றத்துக்குக் கூடிவிட்டது என்றும் இதைப் படிக்கலாம்.

இன்ன பட்டம் பெற்றவரே நிபுணர் என்று இந்தப் பிரிவு சொல்வதில்லை. தனிப்பட்ட படிப்போ நீண்ட அனுபவமோ இருக்கிறதா என்பதை ஒவ்வொரு வழக்கிலும் நீதிபதிதான் முடிவு செய்கிறார். மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் பதிவு கட்டாயம். தனியார் கையெழுத்து நிபுணருக்கு அப்படி எந்த உரிமமும் வேண்டியதில்லை. பலகை மாட்டிக்கொண்ட எல்லோரும் நிபுணர் ஆகிவிடும் இந்தத் தொழிலில் இது பெரிய ஓட்டை என்றே சொல்ல வேண்டும்.

நிபுணரின் வேலை என்ன என்பதை உச்ச நீதிமன்றம் 1999-ல் இமாச்சலப் பிரதேச வழக்கு ஒன்றில் தெளிவாக்கியது. தோட்டங்களில் எவ்வளவு ஆப்பிள் விளைந்திருக்கும் என்று தோட்டக்கலை அதிகாரி ஒருவர் போட்ட மதிப்பீட்டை நம்பி நடந்த வழக்கு அது. நிபுணர் நடந்ததைக் கண்ட சாட்சி அல்ல, அவர் பங்கு ஆலோசனை சொல்வது. தன் முடிவு சரியா என்று நீதிபதியே சோதித்துப் பார்ப்பதற்கான அறிவியல் அளவுகோல்களை அவர் தர வேண்டும் என்றது நீதிமன்றம். "நான் சொல்கிறேன், நம்புங்கள்" என்பது நிபுணர் சாட்சியமே ஆகாது. புதிய சட்டத்தின் 45-வது பிரிவும், ஒருவரின் கருத்து ஏற்கத்தக்கதாக இருந்தால் அதன் அடிப்படைக் காரணங்களும் விசாரணைக்கு உரியவையே என்கிறது.

ஆலோசகர் வேறு, சாட்சி வேறு

தனியார் தடயவியல் நிறுவனங்கள் இரண்டு வேலைகளைச் செய்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

1. ஆலோசகர். இவர் வழக்கறிஞருக்குத் துணை. அரசு ஆய்வக அறிக்கையை வாங்கிப் படித்து, எந்தச் சோதனை செய்யப்பட்டது, எது விடுபட்டது, முடிவுக்கும் தரவுக்கும் பொருத்தம் உண்டா என்று சொல்வார். குறுக்கு விசாரணைக்கான கேள்விகளைத் தயாரித்துத் தருவார். கூண்டில் ஏற மாட்டார்.

2. நிபுணர் சாட்சி. இவர் தானே பொருளை ஆராய்ந்து, கையெழுத்திட்ட அறிக்கை தந்து, கூண்டில் நின்று பதில் சொல்பவர். கட்டணம் யார் கொடுத்தாலும் இவர் பேசுவது நீதிமன்றத்திடம். இங்கிலாந்தின் உரிமையியல் நடைமுறை விதிகளில் 35-வது பகுதி இதை எழுத்திலேயே வைத்திருக்கிறது: நீதிமன்றத்துக்கான கடமை, கட்டணம் கொடுத்தவருக்கான கடமையைவிட மேலானது. இந்தியாவில் இதே வடிவில் ஒரு விதி இல்லை. தீர்ப்புகளிலிருந்துதான் அதை எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஒரே ஆள் இரண்டு தொப்பியும் போட்டுக்கொள்ளும்போதுதான் சிக்கல். வழக்கு உத்தியில் உட்கார்ந்து பேசியவர் பிறகு நடுநிலையான நிபுணராகக் கூண்டில் நின்றால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதல் பத்து நிமிடத்தில் அதைத்தான் தோண்டுவார். "வழக்கில் ஜெயித்தால் இவ்வளவு" என்று கட்டணம் பேசுபவரின் சாட்சியத்துக்கு அந்தப் பேச்சோடு மதிப்புப் போய்விடும்.

நிபுணர் தன் கையில் இருப்பதை மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் சாலி கிளார்க் வழக்கு சாட்சி. தன் இரண்டு கைக்குழந்தைகளைக் கொன்றதாக 1999-ல் அந்தத் தாய் தண்டிக்கப்பட்டார். ஒரே குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் காரணமின்றி இறக்க 7 கோடியே 30 லட்சத்தில் ஒரு வாய்ப்புத்தான் என்று குழந்தைநல மருத்துவர் ஒருவர் சாட்சியம் சொன்னார். ஒரு குழந்தைக்கான வாய்ப்பான 8,543-ல் ஒன்று என்பதை அதே எண்ணால் பெருக்கிப் பெற்ற கணக்கு அது. ஒரே குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மரபணுவும் வீட்டுச் சூழலும் பொது. இரண்டு மரணங்களையும் தொடர்பில்லாதவையாக வைத்துப் பெருக்க முடியாது. அரச புள்ளியியல் சங்கமே இதைக் கண்டித்தது. ஆனால் 2003-ல் தண்டனை ரத்தானதற்கு முக்கியக் காரணம் இன்னொன்று: பிரேதப் பரிசோதனை செய்த நோயியல் நிபுணர், குழந்தையின் உடலில் நோய்க்கிருமி இருந்ததைக் காட்டும் ஆய்வு முடிவைக் கிளார்க் தரப்புக்குச் சொல்லவேயில்லை. மூன்று ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்த பிறகே அது வெளியே வந்தது.

அரசு ஆய்வகத்துக்கு இருக்கும் சலுகை

இந்தியாவின் முதல் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் 1849-ல் சென்னை மாகாணத்தில்தான் தொடங்கியது. நஞ்சு வைத்துக் கொல்லும் வழக்குகளே அப்போதைய தலைவலி. 1952-ல் பரபரப்பாகப் பேசப்பட்ட ஆளவந்தார் கொலை வழக்கில், ரயில் பெட்டியில் கிடைத்த முண்டமும் ராயபுரம் கடற்கரையில் கிடைத்த தலையும் ஒரே ஆளுடையவை என்று நிறுவியது சென்னை மருத்துவக் கல்லூரியின் தடய மருத்துவம். 1991-ல் ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்பில், சிதறிய துணுக்குகளை வைத்துக்கொண்டு, வெடித்தது இடுப்புப் பட்டையில் கட்டிய குண்டு என்று மறுகட்டமைப்பு செய்தவர் தமிழகத் தடய அறிவியல் துறையின் இயக்குநர் பி. சந்திரசேகரன். சென்னைத் தலைமை ஆய்வகத்தோடு கோவை, மதுரை, திருநெல்வேலி போன்ற ஊர்களில் வட்டார ஆய்வகங்களும் இன்று இருக்கின்றன.

அரசு ஆய்வகங்களுக்குச் சட்டம் ஒரு சலுகை தருகிறது. புதிய நடைமுறைச் சட்டத்தின் 329-வது பிரிவுப்படி (பழைய 293), ரசாயனப் பரிசோதகர், விரல் ரேகைப் பிரிவு இயக்குநர், மத்திய, மாநிலத் தடய அறிவியல் ஆய்வக இயக்குநர்கள் போன்றோரின் அறிக்கையை, எழுதியவரைக் கூண்டில் ஏற்றாமலேயே சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம். நீதிமன்றம் விரும்பினால் அழைக்கலாம், அவ்வளவுதான். தனியார் நிபுணருக்கு இந்தச் சலுகை இல்லை. அவர் நேரில் வந்து, உறுதிமொழி எடுத்து, குறுக்கு விசாரணையைத் தாங்க வேண்டும்.

நடைமுறையில் இது என்ன செய்கிறது என்றால், அரசு அறிக்கை கேள்வி கேட்கப்படாமலேயே உள்ளே போய்விடுகிறது. வசதியில்லாதவர் மீது நடக்கும் வழக்கில், அந்த அறிக்கையைப் படித்துக் குறை சொல்லக்கூட ஆள் இருக்காது. 336-வது பிரிவு இன்னொரு படி போகிறது: அறிக்கை எழுதிய நிபுணர் மாற்றலாகியோ ஓய்வு பெற்றோ போயிருந்தால், அவர் இடத்துக்கு வந்த அதிகாரியே சாட்சி சொல்லலாம். அறிக்கையை எந்தத் தரப்பாவது மறுத்தால்தான் அழைப்பே. வழக்குகள் தேங்குவதைத் தடுக்க இது உதவும் என்பது உண்மை. ஆனால் சோதனையைக் கண்ணால் பார்க்காதவரிடம் "அன்று எந்த வேதிப்பொருளைப் பயன்படுத்தினீர்கள்?" என்று கேட்டு என்ன பயன்? குறுக்கு விசாரணையின் உயிரே அங்கே போய்விடுகிறது.

பொருள் வந்த வழி

ஆய்வகத்துக்குள் நடக்கும் தவறுகளைவிட, ஆய்வகத்துக்குப் பொருள் வந்து சேரும் முன் நடக்கும் தவறுகளால்தான் வழக்குகள் அதிகம் உடைகின்றன. தீர்ப்புகளைப் படித்துக்கொண்டு போனால் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது இதுதான். கைமாற்றுத் தொடர் என்று இதைச் சொல்லலாம்: ஒரு தடயம் யார் கையில் எப்போது வந்தது, எங்கே வைக்கப்பட்டது, யாரிடம் போனது, சீல் கலையாமல் இருந்ததா என்பதன் எழுத்துப் பதிவு. மகஜர் (கைப்பற்றிய பொருள்களைச் சாட்சிகள் முன் எழுதும் ஆவணம்), சீல் மாதிரி, காவல் நிலையப் பொருள் பதிவேடு, நீதிமன்றத்தின் அனுப்புகைக் கடிதம், ஆய்வக ஒப்புகை எல்லாம் சேர்ந்ததுதான் அந்தத் தொடர்.

டெல்லி சாவ்லா வழக்கு நல்ல உதாரணம். 2012 பிப்ரவரியில் நடந்த பாலியல் வன்முறை, கொலை. மூவருக்கு மரண தண்டனை. உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மூவரையும் விடுவித்தது. மாதிரிகள் பிப்ரவரி 14, 16 தேதிகளில் எடுக்கப்பட்டு, 27-ம் தேதிதான் ஆய்வகத்துக்குப் போயிருந்தன. அதுவரை காவல் நிலைய மால்கானாவில், அதாவது கைப்பற்றிய பொருள்களை வைக்கும் அறையில், கிடந்தன. அந்த இடைவெளியில் மாதிரிகளில் கைவைத்திருக்க முடியாது என்று சொல்ல இயலவில்லை என்றது நீதிமன்றம். டிஎன்ஏ அறிக்கையின் முடிவுக்கு அடிப்படை என்ன, அந்த நுட்பம் முறையாகக் கையாளப்பட்டதா என்பதைக் கீழ் நீதிமன்றங்கள் பார்க்கவே இல்லை என்றும் சொன்னது.

நமக்கு அருகிலும் ஒன்று உண்டு. தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் 2011-ல் இருவர் கொல்லப்பட்ட வழக்கில் மரண தண்டனை பெற்றவரை 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. மாதிரிகளைக் கையாண்டதில் இருந்த குளறுபடியும் தாமதமும் தீர்ப்பில் முக்கிய இடம் பெற்றன. அதோடு விடாமல், டிஎன்ஏ மாதிரிகளை எப்படிக் கையாள வேண்டும் என்று நாடு முழுமைக்கும் வழிமுறைகளையும் வகுத்தது. சுருக்கமாக:

1. மாதிரியைப் பொதியும்போது முதல் தகவல் அறிக்கை எண், சட்டப் பிரிவு, விசாரணை அதிகாரி, காவல் நிலையம் ஆகிய விவரங்களோடு ஆவணம் எழுத வேண்டும். மருத்துவர், விசாரணை அதிகாரி, சுயேச்சைச் சாட்சிகள் கையெழுத்திட வேண்டும்.

2. எடுத்த 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர விசாரணை அதிகாரி பொறுப்பு. தாமதமானால் காரணத்தை வழக்கு நாட்குறிப்பில் எழுத வேண்டும்.

3. வழக்கு நிலுவையில் இருக்கும்போது விசாரணை நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் பொதியைத் திறப்பதோ மீண்டும் சீல் வைப்பதோ கூடாது.

4. மாதிரி எடுத்தது முதல் தண்டனையோ விடுதலையோ ஆகும்வரை கைமாற்றுப் பதிவேடு ஒன்றைப் பராமரித்து, அதை விசாரணை நீதிமன்றப் பதிவோடு இணைக்க வேண்டும்.

இவற்றில் எதுவும் உயர் அறிவியல் அல்ல. பேனாவும் பதிவேடும் இருந்தால் போதும். 13 ஆண்டுகளுக்கு மேல் ஓடிய மரண தண்டனை வழக்கில் இவ்வளவு அடிப்படையான விஷயத்தை உச்ச நீதிமன்றம் எழுதித்தர வேண்டியிருந்தது என்பதுதான் உறுத்துகிறது.

பொதியும் முறையிலேயே ஆய்வு கெட்டுப்போகும் வாய்ப்புகளும் உண்டு. ரத்தம் தோய்ந்த துணியை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினால் பூஞ்சை பிடித்து டிஎன்ஏ சிதைந்துவிடும். நிழலில் உலர்த்திக் காகித உறையில் வைக்க வேண்டும். நஞ்சுப் பரிசோதனைக்கான உள்ளுறுப்புகளை வழக்கமாகச் செறிவான உப்புக் கரைசலில் அனுப்புவார்கள். திசு நோயியல் ஆய்வுக்குப் பயன்படும் ஃபார்மலினில் போட்டால் பல நஞ்சுகளைப் பிறகு பிரித்தெடுப்பது கடினம். ஆகவே "நஞ்சு எதுவும் கண்டறியப்படவில்லை" என்று அறிக்கை வந்தால் நஞ்சே இல்லை என்று உடனே பொருள் கொள்ள முடியாது. எதில் அனுப்பினார்கள், எத்தனை நாள் கழித்துச் சோதித்தார்கள், எந்தெந்த நஞ்சுகளைத் தேடினார்கள் என்று கேட்ட பிறகே அந்த வரிக்கு அர்த்தம். ஆலோசகர் ஒருவர் வழக்கறிஞருக்குச் செய்யும் மிகப் பெரிய உதவி இந்த மாதிரிக் கேள்விகள்தான்.

எல்லா அறிவியலும் ஒரே எடை அல்ல

செய்திகளில் எல்லாமே "தடயவியல்" என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடும். ஆனால் ஒவ்வொரு துறைக்கும் அடித்தளத்தின் உறுதி வேறு.

*டிஎன்ஏ.* மரபணுவின் சில குறிப்பிட்ட இடங்களில் சிறு துண்டுகள் எத்தனை முறை திரும்ப வருகின்றன என்று எண்ணி ஒப்பிடும் முறை இது. தற்செயலாக வேறொருவருக்கும் பொருந்த எவ்வளவு வாய்ப்பு என்று எண்ணால் சொல்ல முடிவதால் மற்றத் துறைகளைவிட உறுதியானது. ஆனால் அது சொல்வது "இந்த உயிர்ப்பொருள் இவருடையது" என்பதை மட்டுமே. எப்போது வந்தது, எப்படி வந்தது, குற்றத்தின்போதுதான் வந்ததா என்பது டிஎன்ஏவின் கேள்வி அல்ல. பலரின் மாதிரி கலந்திருந்தால் பொருள்கொள்வதிலும் ஆளுக்கு ஆள் வேறுபாடு வரும். பத்து லட்சத்தில் ஒருவருக்குத்தான் பொருந்தும் என்றால், குற்றவாளியாக இல்லாமலிருக்கப் பத்து லட்சத்தில் ஒரு வாய்ப்பு என்று ஆகாது. சந்தேகிக்கக்கூடியவர்கள் எத்தனை பேர் என்பதையும் வேறு சாட்சியங்களையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். நீதிமன்றங்களே அடிக்கடி வழுக்கும் இடம் இது.

*விரல் ரேகை.* நூறாண்டுக்கு மேல் சோதித்த முறை. 1897-ல் கொல்கத்தாவில் இதற்கான அலுவலகம் வந்தது. ரேகைகளை வகைப்படுத்தும் முறைக்கு அங்கே பணியாற்றிய அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ஆகியோரின் உழைப்பு அடிப்படை. பெயர் மட்டும் அவர்களின் மேலதிகாரி எட்வர்ட் ஹென்றிக்குப் போனது. முழு ரேகை கிடைத்தால் பெரிய சிக்கல் இல்லை. சம்பவ இடத்தில் கிடைப்பது பெரும்பாலும் அரைகுறை ரேகை. 2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த ஒரு ரேகையை அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. நிபுணர்கள் ஒரேகான் மாநில வழக்கறிஞர் ஒருவருடையது என்று அடித்துச் சொன்னார்கள். அவரைக் காவலில் வைத்தார்கள். ஸ்பெயின் காவல்துறையோ அது அல்ஜீரியர் ஒருவருடையது என்று கண்டுபிடித்தது. எஃப்.பி.ஐ. மன்னிப்புக் கேட்டது. முதல் நிபுணர் சொன்னது தெரிந்த பிறகு அடுத்தவர் சரிபார்த்தால், கண் அதையே பார்க்கும் என்பதை உலகுக்குக் காட்டிய வழக்கு.

*கையெழுத்து.* நிபுணரின் அனுபவத்தைச் சார்ந்த துறை. 1979-ல் முராரிலால் வழக்கில் உச்ச நீதிமன்றம், கையெழுத்து நிபுணரின் கருத்தை வேறு சாட்சியம் இல்லாமல் ஏற்கவே கூடாது என்று விதி எதுவும் இல்லை, ஆனால் எச்சரிக்கையோடு அணுகி, காரணங்களைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றது. இன்றும் அதுதான் நிலை.

*பல் தடம்.* அமெரிக்காவில் 2009-ல் தேசிய அறிவியல் அகாடமியின் அறிக்கையும், 2016-ல் அதிபரின் அறிவியல் ஆலோசனைக் குழுவின் அறிக்கையும் இதன் அறிவியல் அடிப்படையைக் கடுமையாகக் கேள்வி கேட்டன. அதற்குப் பிறகு, 2017-ல், நிர்பயா வழக்கின் தீர்ப்பில் நம் உச்ச நீதிமன்றம் பல் தடச் சான்றையும் ஏற்றது. அந்த வழக்கில் வேறு வலுவான சாட்சியங்கள் இருந்தன. பல் தடத்தை மட்டும் நம்பி ஒரு வழக்கு வந்தால் என்ன செய்வோம் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

*உண்மை அறியும் சோதனைகள்.* 2010 மே மாதம் செல்வி எதிர் கர்நாடகா வழக்கில், சம்மதம் இல்லாமல் நார்கோ (மருந்து செலுத்தி அரைமயக்கத்தில் விசாரிப்பது), பாலிகிராஃப் (பொய் கண்டறியும் கருவி), மூளை வரைவுச் சோதனைகளைச் செய்வது அரசமைப்புக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. சம்மதத்தோடு செய்தாலும் முடிவை நேரடிச் சாட்சியமாகக் கொள்ள முடியாது. செய்தியில் "நார்கோ சோதனைக்கு உட்படுத்தப்படுவார்" என்று படித்தால் இதை நினைவில் கொள்ளுங்கள். விரல் ரேகை, கையெழுத்து மாதிரி கொடுப்பது இந்தத் தடைக்குள் வராது. 1961-லேயே 11 நீதிபதிகள் அமர்வு அதைத் தீர்த்துவிட்டது.

புரோநோட்டு, காசோலை, உயில்

கொலை வழக்கில்தான் தடய அறிவியல் என்று நினைத்தால் தவறு. தமிழ்நாட்டில் சாதாரண மனிதர் தடயவியல் நிபுணரைச் சந்திப்பது பெரும்பாலும் பணத் தகராறில்தான். "கையெழுத்து என்னுடையது இல்லை." "கையெழுத்து என்னுடையதுதான், ஆனால் வெற்றுப் புரோநோட்டில் வாங்கிக்கொண்டு பிறகு தொகையை நிரப்பிவிட்டார்கள்." இந்த இரண்டுக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் உண்டு.

முதல் வகையில் நிபுணர் உதவுவார். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 26-ம் ஆணை, விதி 10ஏ-வின்படி, நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞரான அட்வகேட் கமிஷனர் மூலம் ஆவணத்தை ஆய்வகத்துக்கு அனுப்பக் கேட்கலாம். அதற்கு ஒப்பிட, தகராறில்லாத பழைய கையெழுத்துகள் வேண்டும். அதுவும் அதே காலத்தவையாக இருக்க வேண்டும். 2012-ல் போட்டதாகச் சொல்லும் கையெழுத்தை, வழக்கு வந்தபின் நீதிமன்றத்தில் போட்ட கையெழுத்தோடு மட்டும் ஒப்பிட்டால் முடிவு பலவீனம். வயது, நோய், வேண்டுமென்றே மாற்றிப் போடும் எண்ணம் எல்லாம் இடையில் வந்துவிடும். வங்கிக் கணக்குப் படிவம், பதிவு செய்த பத்திரம், சம்பளப் பதிவேடு போன்றவையே நல்ல ஒப்பீட்டு ஆவணங்கள். நகலை வைத்துக்கொண்டு உறுதியாகக் கருத்துச் சொல்லும் நிபுணரைச் சந்தேகிக்கலாம். பேனாவின் அழுத்தமும் கோட்டின் தயக்கமும் ஜெராக்ஸில் தெரியாது.

இரண்டாவது வகையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மையின் வயதைக் கண்டுபிடித்து, கையெழுத்தும் தொகையும் வெவ்வேறு காலத்தவை என்று நிரூபித்துவிடலாம் என்ற நம்பிக்கை. 2010-ல் சென்னை உயர் நீதிமன்றம் இந்தக் கேள்வியை நேராக எடுத்துக்கொண்டபோது, தடய அறிவியல் துறையின் ஆவணப் பிரிவு அதிகாரி, எழுத்தின் வயதைக் கணிக்கும் அறிவியல் வசதி இங்கே இல்லை என்றே தெரிவித்தார். அதன் பிறகு மை வயது கேட்டுப் போடும் மனுக்கள் தள்ளுபடி ஆவதே அதிகம். மேலும், 2019-ல் உச்ச நீதிமன்றம், கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலையை வாங்கியவரே நிரப்பியிருந்தாலும், கடனுக்காகக் கொடுத்தது என்ற சட்ட அனுமானம் போகாது என்று சொல்லிவிட்டது. அங்கே நிபுணரால் ஆகப்போவது ஒன்றுமில்லை. கடனே இல்லை என்று காட்டும் வேறு சாட்சியம்தான் தேவை. இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிக் கட்டணத்தைத் திருப்பித் தருபவரே நேர்மையான ஆலோசகர்.

வாட்ஸ்அப்பும் சிசிடிவியும்

மின்னணு ஆதாரத்தில்தான் இப்போது நிபுணர்களுக்குக் கிராக்கி. மூலக் கருவியைக் கொண்டுவராமல் நகலைத் தாக்கல் செய்தால் சான்றிதழ் கட்டாயம் என்பதை உச்ச நீதிமன்றம் 2014-லும் 2020-லும் உறுதி செய்தது. பழைய சட்டத்தில் அது 65பி சான்றிதழ். புதிய சட்டத்தின் 63-வது பிரிவில் அந்தச் சான்றிதழுக்கு இரண்டு பகுதிகள் வந்திருக்கின்றன: முதல் பகுதியை ஆதாரத்தைத் தாக்கல் செய்பவர் நிரப்ப வேண்டும், இரண்டாவதை ஒரு நிபுணர் நிரப்ப வேண்டும். இரண்டிலும் கோப்பின் ஹாஷ் மதிப்பைக் குறிக்க வேண்டும்.

ஹாஷ் என்பது கோப்பின் உள்ளடக்கத்தைக் கணக்கிட்டுப் பெறும் ஒரு நீண்ட எண்ணெழுத்துத் தொடர். எஸ்எச்ஏ256 போன்ற முறைகளில் கணக்கிடுவார்கள். வீடியோவில் ஒரு நொடியை வெட்டினாலும் தொடர் முற்றிலும் மாறிவிடும். கைப்பற்றியபோது எடுத்த ஹாஷும் நீதிமன்றத்தில் எடுக்கும் ஹாஷும் ஒன்றானால், இடையில் கோப்பை யாரும் தொடவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். கைப்பற்றுவதற்கு முன் அது போலியாகத் தயாரிக்கப்பட்டதா என்பதற்கு ஹாஷ் பதில் சொல்லாது. இந்த எல்லையைப் பலர் கவனிப்பதில்லை.

சரி, இரண்டாம் பகுதியில் கையெழுத்திடும் "நிபுணர்" யார்? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஏ பிரிவில் மத்திய அரசு அறிவிக்கும் மின்னணுச் சான்று ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மட்டும்தான் என்றால், வாட்ஸ்அப் உரையாடலைத் தாக்கல் செய்யும் ஒவ்வொரு குடும்ப நீதிமன்ற வழக்குக்கும் அவர்களிடம் வரிசையில் நிற்க வேண்டும். சான்றிதழ்ப் படிவமோ "நிபுணர்" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. இந்த இடைவெளியில்தான் தனியார் நிறுவனங்கள் பல நுழைந்திருக்கின்றன. கருவியைக் கண்ணால் பார்க்காமல், அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டுக்குச் சான்றிதழ் தருபவரிடம் போனால் பணமும் வழக்கும் சேர்ந்து போகும்.

கூண்டில் என்ன கேட்பார்கள்?

நேரில் கண்ட சாட்சி ஒன்று சொல்ல, மருத்துவச் சான்று வேறொன்று சொன்னால், பொதுவாகக் கண்ட சாட்சிக்கே முன்னுரிமை. அப்படி நடந்திருக்கவே முடியாது என்று மருத்துவம் காட்டினால்தான் நிலை மாறும். நிபுணர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் இந்த வரிசை மாறாது. அதனால் குறுக்கு விசாரணை பெரும்பாலும் நிபுணரின் அறிவைத் தாக்குவதில்லை, அவர் அறிக்கையின் இடைவெளிகளைத் தேடுகிறது. பயன்படுத்திய முறைக்கு எழுத்தில் வழிமுறை உண்டா? ஆய்வகங்களுக்குத் தர அங்கீகாரம் தரும் தேசிய வாரியமான என்ஏபிஎல்-இன் அங்கீகாரம் ஆய்வகத்துக்கு அந்தக் குறிப்பிட்ட சோதனைக்கும் சேர்த்து இருக்கிறதா? கருவி கடைசியாக எப்போது அளவுத்திருத்தம் செய்யப்பட்டது? மாதிரியில் மீதி இருக்கிறதா, மறுபரிசோதனை முடியுமா? காவல்துறை அனுப்பிய கடிதத்தில் சந்தேக நபரின் பெயரும் கதையும் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்ததா? கடைசிக் கேள்வி நம் ஊரில் அதிகம் கேட்கப்படுவதில்லை. மாட்ரிட் வழக்கைப் படித்தவர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

ஆலோசகரை நாடுமுன்

1. தகுதியை எழுத்தில் கேளுங்கள்: எந்தத் துறையில் படிப்பு, எத்தனை வழக்கில் சாட்சி சொல்லியிருக்கிறார், அவர் கருத்தை நிராகரித்த தீர்ப்பு உண்டா. கையெழுத்து, டிஎன்ஏ, செல்போன், தீ விபத்து எல்லாவற்றுக்கும் ஒரே ஆள் நிபுணர் என்றால் நகர்ந்துவிடலாம்.

2. மூல ஆவணத்தைத் தனியாரிடம் நேரடியாகக் கொடுக்காதீர்கள். அது நீதிமன்றத்தில் இருந்தால் அனுமதி பெற்று, அங்கேயே பார்த்துப் படமெடுக்கச் சொல்லுங்கள். பிறகு ஆவணத்தில் ஒரு சிறு மாற்றம் தெரிந்தாலும் பழி உங்கள் மேல் வரும்.

3. அரசு ஆய்வக அறிக்கையின் முடிவுப் பக்கத்தோடு நிற்காமல், பணிக்குறிப்புகள், வரைபடங்கள், அலைவடிவங்கள் ஆகியவற்றையும் நீதிமன்றம் மூலம் கேட்டுப் பெறுங்கள். இவை இல்லாமல் எந்த ஆலோசகராலும் பயனுள்ள கருத்துச் சொல்ல முடியாது.

4. கட்டணம், வேலையின் எல்லை, கூண்டுக்கு வருவாரா என்பதை முதலிலேயே ஒப்பந்தமாக எழுதிக்கொள்ளுங்கள். சாட்சி நாளன்று வர முடியாது என்று கைவிரிப்பவரின் அறிக்கை, தனியார் அறிக்கை என்பதால், தானாக உள்ளே போகாது.

5. ஆவணத்தை ஆய்வுக்கு அனுப்பக் கோரும் மனுவை, எதிர்வழக்குரை தாக்கல் செய்த கையோடு போடுவதே நல்லது. சாட்சி விசாரணை முடிந்து வாதத்துக்கு வைத்திருக்கும் கட்டத்தில் போட்டால், வழக்கை இழுக்கும் முயற்சி என்று அந்த மனு தள்ளுபடியாவது வழக்கம்.